புது வண்டியின் மேனி காப்போம்

காரை நல்ல தமிழில் மகிழுந்து என்கிறோம். சென்னைக்கு அருகே திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் உருவாகும் மகிழுந்துகள் பல, வாலாஜாபாத்தில் சரக்குத் தொடர்வண்டியில் ஏறி வடமாநிலங்களுக்கு வருகின்றன. சக்கரமும் தண்டவாளமும் உராய்வதால் எழும் நுண்ணிய இரும்புத் துகள்கள் வழியில் அவற்றின்மீது படியக்கூடும். எனவே, புதிய வண்டி என்பதாலேயே அது தூய வண்டி ஆகிவிடாது.

மகிழுந்தின் தகட்டின்மீது பொதுவாக நான்கு பூச்சுகள் உள்ளன. முதலாவது துருவைத் தடுக்கும்; இரண்டாவது அடிப்பூச்சு; மூன்றாவது நிறப்பூச்சு; நான்காவது நிறமற்ற மேற்பூச்சு. இம்மேற்பூச்சின் தடிமன் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான். 1000 மைக்ரான் சேர்ந்தது ஒரு மில்லிமீட்டர். வெயிலையும் மழையையும் தாங்குவது இந்த மெல்லிய பூச்சே. நம் தோலில் விழும் கீறல் ஆறிவிடும். தேய்ந்த பூச்சோ மீண்டும் வளராது.

இப்பூச்சுக்குப் பெரும்பகை எது? துடைக்கும் துணியே! குடியிருப்புகளில் விடியற்காலையில் ஒரு வாளி நீரில் துணியை நனைத்து நனைத்துப் பல வண்டிகளைத் துடைப்பதைக் கண்டிருப்பீர்கள். துடைப்பவரிடம் குறை இல்லை, முறையில்தான் குறை. துணியில் ஒட்டிய மணல் பூச்சைக் கீறுகிறது. அக்கீறல்கள் வெயிலில் சிலந்திவலைபோல் தெரியும்.

கழுவுதல்: வண்டியை நிழலில் நிறுத்துக. முதலில் நீர் ஊற்றித் தூசியை இறக்குக. இரண்டு வாளிகள் தேவை: ஒன்றில் வாகன ஷாம்பு கலந்த நீர், மற்றொன்றில் துணியை அலசத் தூய நீர். மேலிருந்து கீழாகக் கழுவுக. சக்கரங்களுக்குத் தனித்துணி வேண்டும். உப்புநீர் காய்ந்தால் வெண்திட்டுகள் படியும். ஆகவே, மென்துணியால் உடனே ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும்.

களிமண் இடுதல்: கழுவிய பின், மெல்லிய நெகிழிப் பையைக் கையில் மாட்டிக்கொண்டு வண்டியைத் தடவுக. வழவழப்பாக இருந்தால் களிமண் தேவையில்லை. சொரசொரப்பாக இருந்தால் ஒட்டிய துகள்கள் உள்ளன என்று பொருள். இதற்கான களிமண் குயவர் மண் அன்று; கடைகளில் கிடைக்கும் செயற்கைக் கட்டி. வழுக்குநீர் தெளித்து, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்துப் பிசைந்துகொள்க. கட்டி தரையில் விழுந்தால் எறிந்துவிடுக; அதில் ஒட்டிய மணல் பூச்சைக் கீறிவிடும்.

மெழுகிடுதல்: பிரேசில் நாட்டில் கார்னாபா என்னும் பனையினம் வளர்கிறது. வறண்ட காலத்தில் நீர் வற்றாமல் காக்க அதன் ஓலைகள்மீது மெழுகு படிந்திருக்கும். அம்மெழுகே மகிழுந்து மெழுகுகள் பலவற்றில் சேர்கிறது. சிறு சிறு பகுதிகளாக மெல்லியதாகப் பூசி, மங்கலாகக் காய்ந்ததும் தூய துணியால் துடைத்தெடுக்க வேண்டும். தடித்துப் பூசினால் பயன் மிகாது, துடைப்பதுதான் கடினமாகும்.

தமிழில் மெழுகு என்பது பெயர்ச்சொல்லாகவும் வரும், வினைச்சொல்லாகவும் வரும். ஊரில் பாட்டி வாசலைப் பெருக்கிய பின்னரே சாணத்தால் மெழுகுவார், பெருக்காமல் மெழுகுவதில்லை. வண்டிக்கும் அம்முறையே பொருந்தும்: தூசி நீங்கிய பின்னரே மெழுகு.

பயிற்சி

1. புது வண்டியிலும் துகள்கள் படிவது ஏன்?
2. இரண்டு வாளிகள் எதற்காக?
3. ‘மெழுகு’ என்னும் சொல்லைப் பெயராகவும் வினையாகவும் அமைத்து இரு தொடர்கள் எழுதுக.
4. உங்கள் குடியிருப்பில் வண்டி துடைப்பவருக்கு இம்முறையைப் பணிவுடன் எவ்வாறு எடுத்துரைப்பீர்கள்? ஐந்து தொடர்களில் எழுதுக.