ஏலமலை ஜீப்பும் கூடுதல் இரும்பும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குக் காலையில் ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளிலும், குரங்கணிப் பக்கத்து மலைத்தடங்களில் ஓடும் ஜீப்புகளிலும் பல, கம்பெனியில் வந்த உருவத்தில் இல்லை. பின்னால் நீட்டிய பெஞ்சு, கூரையில் கேரியர், முன்னால் குழாய் பம்பர், அடியில் சேசிஸ் ஓரமாகப் பிளேட் வைத்து வெல்டிங், போதாததற்குக் கூடுதல் ஸ்பிரிங் பட்டை. மலை ரோட்டுக்கு வண்டி ஸ்ட்ராங்காக இருக்க வேண்டும் என்பது இதற்குச் சொல்லும் காரணம். அந்த இரும்பு வண்டியைக் காக்கலாம். உள்ளே இருப்பவரைக் காப்பதில்லை. அதை நம்பி ஏற்றும் கூடுதல் ஆட்களோ, அடிபட்டவருக்கு வரவேண்டிய இழப்பீட்டுக்கே வேட்டு வைக்கிறார்கள்.

மோதலில் ஆளைக் கொல்வது வேகம் மட்டுமல்ல, அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதும்தான். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, முன்பகுதி நசுங்கி 60 சென்டிமீட்டரில் நின்றால், பெல்ட் போட்டவர் உடலில் அவர் எடையைப்போல் சுமார் 10 மடங்கு விசை விழும். நசுங்காமல் 20 சென்டிமீட்டரில் நின்றால் அது 30 மடங்கைத் தாண்டும். பேலா பாரெனி என்ற பொறியாளரின் யோசனைப்படி, முன்னும் பின்னும் நசுங்கி நடுவில் ஆள் இருக்கும் கூடு மட்டும் நிமிர்ந்து நிற்கும் கார்களை மெர்சிடிஸ் 1959-இல் கொண்டுவந்தது இதனால்தான். ரிமோட் கார் ஓட்டும் பையன்களுக்கும் இது தெரியும்: முன்சக்கரத்தைத் தாங்கும் நைலான் கையை எடுத்துவிட்டு அலுமினியம் மாட்டினால், அடுத்த மோதலில் கை உடையாது, அது பொருந்தியிருக்கும் இடம் உடையும். பழைய ஜீப்பில் திட்டமிட்டு நசுங்கவிடும் பகுதியே கிடையாது. இயல்பாக வளையக்கூடிய கொஞ்சத்தையும் வெல்டிங் வைத்து இறுக்கிவிடுகிறோம். போதாக்குறைக்கு, பிளேட் முடிகிற ஓரத்திலேயே அழுத்தம் குவிந்து புது விரிசல் கிளம்பும்.

இங்கே விபத்து என்றால் பெரும்பாலும் பள்ளத்தில் உருள்வதுதானே, அப்போது கெட்டியான வண்டி நல்லதில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உருளும்போது உதவுவது கூரை நசுங்காத கூண்டும், ஆளை இருக்கையோடு பிடித்துவைக்கும் பெல்ட்டும். அடிச்சட்டத்தில் ஒட்டிய பிளேட் கூரையைத் தாங்காது. கேரியரில் ஏற்றும் மூட்டைகளோ, வண்டியின் எடையை மேலே கொண்டுபோய் கொண்டை ஊசி வளைவில் கவிழ்வதை எளிதாக்கும். பக்கவாட்டு பெஞ்சில் பெல்ட் இல்லாமல் நெருக்கி உட்கார்ந்தவர்களுக்கு எந்த இரும்பும் துணையில்லை. கரடுமுரடான தடத்தில் சேசிஸ் விரிகிறதே, அப்படியே விடவா என்றால், விட வேண்டாம். தயாரிப்பாளர் சொன்ன முறையில் பழுது பார்ப்பது வேறு. பத்துப் பேர் வண்டியில் பதினெட்டுப் பேரை ஏற்றுவதற்காகச் சட்டத்தைத் தடிமனாக்குவது வேறு. விரிசலுக்குப் பல நேரங்களில் காரணமே அந்த எட்டுப் பேரின் பாரம்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மீறும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. முன்பக்கக் குழாய் பம்பருக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஆனால் தொழிலாளிக்கு இதைவிடப் பெரிய அடி காப்பீட்டில் விழுகிறது. 42 பேருக்குக் காப்பீடு செய்த பேருந்தில் 90 பேர் போன வழக்கில், பாலிசியில் உள்ள எண்ணிக்கைக்கு மட்டுமே காப்பீட்டு நிறுவனம் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் தீர்ப்பளித்தது. அந்தத் தொகையை எல்லோருக்கும் விகிதப்படி பங்கிட வேண்டும். மிச்சத்தை உரிமையாளரிடம் வசூலிக்க வேண்டும். கடனில் ஓடும் ஒற்றை ஜீப்பின் சொந்தக்காரரிடம் என்ன வசூலிப்பது?

வேறு வண்டி இல்லை, ஏறாவிட்டால் அன்றைய கூலி போச்சு என்பது உண்மைதான். ஆகவே பொறுப்பை ஏறுகிறவர் தலையில் மட்டும் கட்ட முடியாது. வேலைக்குப் போகிற வழியில் நடந்த விபத்தும், வேலையோடு நேரத்தாலும் இடத்தாலும் சூழலாலும் தொடர்புடையதானால், வேலையின்போது நடந்ததாகவே கொள்ளலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தோட்ட முதலாளியிடம் இழப்பீடு கேட்க இது வழி திறக்கிறது. மோட்டார் விபத்து மனு இன்னொரு வழி. அதற்கு, ஜீப் பூப்பாறைப் பக்கம் கவிழ்ந்தாலும் கேரளத்துக்கு அலைய வேண்டாம். குடியிருக்கும் தேனி மாவட்டத்து மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்திலேயே மனுப்போடலாம். சட்டம் தரும் கெடு ஆறு மாதம். யார் தவறு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் கோர மோட்டார் வாகனச் சட்டத்தில் 164-ஆம் பிரிவு உண்டு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் கிடைக்கும்; 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே தீர்மானிக்க வேண்டும்: முதலாளி மீதான தொழிலாளர் இழப்பீட்டு மனு, மோட்டார் விபத்து மனு இரண்டில் ஒன்றைத்தான் போட முடியும். வண்டியின் பாலிசி எத்தனை பேருக்கு என்று பார்த்த பிறகே எதைப் போடுவது என்று வக்கீலிடம் முடிவெடுங்கள்.