குறட்டைக்கு பல் டாக்டர் கிளிப் மாட்டலாமா? அதற்கு அவர் என்ன படித்திருக்க வேண்டும்?

பல் சொத்தைக்காகப் போனவரிடம், “ராத்திரி குறட்டை விடுவீங்களா?” என்று கேட்கிறார் பல் டாக்டர். பல்லுக்கும் குறட்டைக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. நோயாளிகளுக்குத் தூக்கத்தில் மூச்சுப் பிரச்சினை இருக்கிறதா என்று பல் மருத்துவர்களும் கவனிக்க வேண்டும் என 2017-ல் அமெரிக்க பல் மருத்துவ சங்கம் அறிவுறுத்தியது. இதற்காக அங்கே பல் மருத்துவர்கள் பட்டம் வாங்கிய பிறகும் தனியாகப் படிக்கிறார்கள்.

ஸ்லீப் அப்னியா என்றால் என்ன?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதுதான் இது. ஒவ்வொரு முறையும் 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கலாம், குறையலாம். இப்படி மணிக்கு 5 முதல் 15 முறை நடந்தால் லேசான பாதிப்பு. 15 முதல் 30 வரை நடுத்தரம். அதற்கு மேல் போனால் தீவிரம். ரத்த அழுத்தம் ஏறும். பகலில் வண்டி ஓட்டும்போதே கண் சொக்கும்.

பல் டாக்டருக்கு எப்படித் தெரியும்?

தேய்ந்த பற்கள், பின்தள்ளிய கீழ்த்தாடை, பெரிய நாக்கு, வீங்கிய டான்சில். வாயைத் திறந்தாலே இவை கண்ணில் படும். ஆனால் இதெல்லாம் சந்தேகம்தான், நோய் உறுதி இல்லை. தூக்கப் பரிசோதனையைப் பார்த்து உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவர்.

சரி, அந்தக் கிளிப் என்ன செய்யும்?

முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் மெஷின் சிலருக்கு ஒத்துக்காது. அவர்களுக்குப் பல் அளவெடுத்து ஒரு கருவி செய்து தருவார்கள். அது கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும். கூடவே நாக்கும் முன்னால் வர, மூச்சுப்பாதை திறக்கும். தாடை வலி, பல் நகர்வது, கடி மாறுவது போன்ற பக்கவிளைவுகளும் உண்டு.

எத்தனை மணி நேரப் படிப்பு?

அமெரிக்காவின் இரண்டு தூக்க மருத்துவ அமைப்புகள் 2015-ல் வழிகாட்டுதல் வெளியிட்டன. இந்தச் சிகிச்சைக்குத் தகுதியான பல் மருத்துவர் யார் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். கடைசி 2 ஆண்டுகளில் குறைந்தது 25 மணி நேரம் இந்தத் துறையில் பயிற்சி பெற்றிருப்பது அதற்கான வழிகளில் ஒன்று.

படிக்காமல் செய்தால் என்ன ஆகும்?

சத்தம் நிற்கும். மூச்சு நிற்பது தொடரலாம். இதுதான் பெரிய ஆபத்து. “குறட்டை போயிடுச்சு” என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். உள்ளே நோய் அப்படியே இருக்கும். அதனால்தான் கருவி மாட்டிய பிறகும் தூக்கப் பரிசோதனை செய்து பார்க்கச் சொல்கிறது அந்த வழிகாட்டுதல்.

நீங்க கேட்க வேண்டிய 3 கேள்விகள்

* கருவி செய்வதற்கு முன் தூக்கப் பரிசோதனை எடுத்தாச்சா? அதை மருத்துவர் பார்த்தாரா?
* தூக்க மருத்துவத்தில் நீங்க தனியாகப் பயிற்சி எடுத்திருக்கீங்களா?
* கருவி வேலை செய்கிறதா என்று மறுபடியும் எப்போது டெஸ்ட் எடுப்பீங்க?

முதல் கேள்விக்கே “அதெல்லாம் தேவையில்லை” என்று பதில் வந்தால், அளவு கொடுக்காதீங்க. முதலில் ஒரு தூக்க மருத்துவரைப் போய்ப் பாருங்க.