உறங்கும் விதையை எழுப்புவோம்: கார்த்திகைப்பூவைக் காக்க ஒரு வழி

மாரி மழையோடு வேலியோரப் பற்றைகளில் தானாகவே படர்ந்து பூப்பதால், கார்த்திகைப்பூக் கொடியை நம்மில் பெரும்பாலானோர் நட்டு வளர்ப்பதில்லை. ஆனால் குடியிருப்புக்கும் வீதிக்கும் பற்றைகளை வெளியாக்கிய இடங்களில் அந்தக் கொடி திரும்ப வருவது அரிதாகிவிட்டது.

இது அழகுக்கு மட்டுமான கொடியல்ல. கீல்வாத வலிக்குக் கொடுக்கப்படும் கோல்கிசின் என்ற மருந்து இதன் விதையிலும் கிழங்கிலும் உள்ளது. தமிழ்நாட்டின் ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பகுதிகளில் விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். அதே கோல்கிசின் அளவு மீறினால் உயிர்கொல்லி நஞ்சு. வற்றாளங்கிழங்கு என்று நினைத்து இதன் கிழங்கை அவித்துத் தின்று இறந்தவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள்.

பலர் கிழங்கைக் கிண்டி எடுத்து வந்து நடுகிறார்கள். கலப்பை வடிவக் கிழங்கின் ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரேயொரு முளைதான் இருக்கும். நுனி முறிந்தால் அந்தக் கிளை முளைக்காது. காட்டில் இருந்ததும் போய்விடும். ஆகவே விதைதான் நல்ல வழி.

விதையிலும் ஒரு சிக்கல் உண்டு. புதிதாக விழுந்த விதை உடனே முளைக்காது. அதன் கடினமான தோல் நீரை எளிதில் உள்ளே விடாது. உள்ளிருக்கும் கருவும் முதிரக் காலம் எடுக்கும். கோடையில் முளைத்துக் கருகிவிடாமல் அடுத்த மாரிவரை காத்திருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது.

நான் செய்யும் முறை இதுதான். காய் பழுப்பாகி வெடிக்கும்போது செந்நிற விதைகளைச் சேர்த்து, நிழலில் உலர்த்தி, கடதாசிப் பையில் ஆறேழு மாதம் வைப்பேன். புரட்டாதி கடைசியில் மண்கடதாசியில் மெதுவாக உரசி, ஒரு நாள் முழுவதும் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மேலுள்ள சதையைத் தேய்த்து நீக்குவேன். மணலும் மக்கிய எருவும் கலந்த பையில் விரல் நுனியளவு ஆழத்தில் ஊன்றுவேன். ஆய்வுகூடங்களில் இதற்கு ஜிப்ரலிக் அமிலம் பயன்படுத்துகிறார்கள். விதையும் நஞ்சு என்பதால் கையுறை அவசியம். சிறுவர்களை அருகில் விடாதீர்கள்.

எல்லாம் ஒன்றாக முளைக்காது. சில வாரங்களில் சில, மாதங்கள் கழித்துச் சில. பையைக் கொட்டிவிடாதீர்கள். முதல் வருடம் சிறு இலைகள் மட்டும் வந்து கோடையில் வாடிவிடும். கன்று செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மண்ணுக்குள் சிறு கிழங்கு இருக்கும். பூக்க மூன்று நான்கு வருடங்களாகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளின் நினைவுக்காகக் கார்த்திகையில் இந்தப் பூவைத் தேடிப் பறிக்கிறோம். பறித்த பூ காய்க்காது. கொடிக்கு இரண்டு மூன்று பூக்களையாவது விட்டுவையுங்கள். சூலகத் தண்டு பக்கவாட்டில் வளைந்து நிற்பதால் மகரந்தம் தானாக அதில் சேர்வது கடினம். காலையில் ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவின் தண்டு நுனியில் தடவிவிட்டால் காய் பிடிக்கும். அந்தக் காயின் விதைதான் பிந்திய கார்த்திகைகளுக்குப் பூத் தரும்.