பருத்திச் செடியின் மூன்று காவல்கள்

ஆபத்து வரும்போது ஓடி ஒளியும் ஆற்றல் செடிகளுக்கு இல்லை. நின்ற இடத்திலேயே நின்று தம்மைக் காத்துக்கொள்ள வேண்டிய நிலை அவற்றினுடையது. கள்ளிக்கு முள்ளும், எருக்கிற்குப் பாலும், வேம்பிற்குக் கசப்பும் காவல். விளைவிப்போரும் நெய்வோருமாகிய நம் அங்கத்தினர் அனைவருக்கும் வாழ்வளிக்கும் பருத்திக்கு எவை காவல் என்பதை இங்கு ஆராய்வோம். இதனை அறியாமையால் இளங்கன்றுகளை இழப்பதும், மருந்துக்கு வீண் செலவு செய்வதும் உண்டு.

முதற் காவல், இலையின் உரோமம். தத்துப்பூச்சி இலையின் அடிப்புறத்தில் அமர்ந்து சாற்றை உறிஞ்சும், நரம்பினுள் முட்டையிடும். நீண்டு அடர்ந்த உரோமமுள்ள இரகங்களில் இவ்விரண்டும் அதற்கு எளிதல்ல. ஆயினும் இக்காவல் முழுமையானதன்று. வெள்ளை ஈ உரோம இலையையே பெரிதும் நாடுகிறது. அவ்விலையின் சருகுத் தூளும் பஞ்சில் ஒட்டிக்கொண்டு, பஞ்சின் தரத்தைக் குறைக்கிறது.

இரண்டாம் காவல், விஷம். இலை, தண்டு, காய், விதைப்பருப்பு ஆகியவற்றில் காணும் சிறு கரும் புள்ளிகள் சுரப்பிகளாகும். அவற்றினுள் காஸிபால் என்னும் மஞ்சள் நிறப் பொருள் உள்ளது. பல புழுக்களின் வளர்ச்சியை இது தடுக்கும்.

மூன்றாம் காவல், கூலி கொடுத்து அமர்த்திய சேவகர்கள். இலையின் அடியில் நடுநரம்பின்மேல் தேன் சுரக்கும் குழி உண்டு. அத்தேனுக்காக வரும் எறும்புகள் புழுக்களை விரட்டுகின்றன. புழு இலையைத் தின்னத் தொடங்கியபின் செடி ஒருவகை வாசனையை வெளிவிடுகிறது. அதனைப் பின்பற்றி வரும் சிறு குளவிகள் புழுவின் உடலில் முட்டையிட, அவற்றின் குஞ்சுகள் புழுவைத் தின்று அழிக்கின்றன.

காவலை நீக்கினால் விளைவது யாது? 1950-களில் அமெரிக்காவில் மக்மைக்கேல் என்பவர் காஸிபால் சுரப்பியற்ற பருத்தியை உருவாக்கினார். விதை உணவுக்கு உகந்ததாயிற்று. ஆனால் வழக்கமாகப் பருத்தியை நாடாத பூச்சிகளும் அச்செடியைத் தின்னத் தலைப்பட்டன. பின்னர் டெக்சாஸ் பல்கலைக்கழகமொன்றில் கீர்த்தி ராத்தோர் குழுவினர், விதையில் மட்டும் காஸிபாலைக் குறைத்து, இலையிலும் காயிலும் அதனை நிலைநிறுத்தும் முறையை 2006-இல் வெளியிட்டனர். விதை நமக்கு, விஷம் செடிக்கு என்னும் இப்பங்கீடே அறிவுடைமை.

இனி நாம் செய்யத்தக்கவை. வளர்ந்த மாட்டின் முன்வயிற்றில் காஸிபாலின் பெரும்பகுதி வீரியமிழக்கும். எனவே பருத்திக்கொட்டையை அளவறிந்து கறவை மாட்டுக்குத் தரலாம். இளங்கன்றின் முன்வயிறு வளர்ச்சியடையாதது. விஷம் இருதயத்தைத் தாக்கி உயிரையே போக்கக்கூடும். ஆகவே கொட்டையோ அதன் பிண்ணாக்கோ கன்றின் தொட்டியில் சேரலாகாது. கோழித் தீனியில் மிகுந்தால் முட்டையின் மஞ்சட்கரு பசுமை கலந்த பழுப்பு நிறமடையும்.

மருந்தடிக்குமுன் இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். சில புழுக்களைக் கண்டவுடன் தெளித்தால், கூலி கேளாது உழைக்கும் குளவியும் எறும்பும் முதலில் மடியும். பின்னர் அவற்றின் வேலையையும் நம் செலவிலேயே செய்ய நேரிடும். வரும் பருவத்திற்கு விதை வாங்கும்போது, விளைச்சலோடு இலையின் உரோமத்தையும் விசாரித்தறிவது அங்கத்தினர்களுக்கு நலம் தரும்.