கண்ணின் முன்சுவர் எவ்வளவு தாங்கும்?

1996 மே 10. எவரெஸ்ட் சிகரத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த அமெரிக்க மருத்துவர் பெக் வெதர்ஸுக்கு, உயரம் கூடக்கூடப் பார்வை மங்கியது. மேலே போக முடியாமல் வழியிலேயே நின்றுவிட்டார். அன்று மாலை பனிப்புயல் வந்தது. உயிர் தப்பினார்; ஆனால் உறைபனியில் வலது முன்கை, இடது கை விரல்கள், மூக்கு எல்லாம் போயின.

கண்ணாடி போடாமல் பார்ப்பதற்காக முன்பே அவர் ஓர் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார். கருவிழியின் நடுவை விட்டு, சுற்றிலும் சக்கரத்தின் ஆரக்கால்கள்போலக் கத்தியால் கீறும் முறை அது. மாஸ்கோவில் ஃபியோதரவ் என்ற கண் மருத்துவர் 1970களில் பரவலாக்கியது. கீறிய இடங்களில் கட்டு தளர்ந்திருந்தது. கருவிழிக்கு ஆக்சிஜன் பெரும்பாலும் காற்றிலிருந்தே கிடைக்கிறது. மலை உச்சியில் அது குறைந்ததும் தளர்ந்த இடங்கள் வீங்கின. நடுப்பகுதி தட்டையாகி, கண்ணின் பவரே மாறிப்போனது.

கருவிழி என்று மருத்துவமனைகளில் சொல்வது, கண்ணின் கறுப்பு வட்டத்துக்கு முன்னால் கைக்கடிகாரக் கண்ணாடிபோல் கவிந்திருக்கும் நிறமற்ற படலத்தை. நடுவில் அதன் தடிமன் ஏறத்தாழ 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கு இதனுடையது. இது வெறும் லென்ஸ் மட்டுமல்ல, சுவரும்கூட. கண்ணுக்குள்ளிருந்து 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவு அழுத்தம் இதை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தள்ளலைத் தாங்குபவை கொலாஜன் இழைத் தகடுகள். நூற்றுக்கணக்கில் அடுக்கியிருக்கும் இவற்றில், முன்பக்கத் தகடுகள் கோரைப்பாய்போல் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. பின்பக்கத்தில் அந்தப் பின்னல் இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன, அவ்வளவுதான். ஆகவே பலம் முன்பக்கத்தில்தான் அதிகம். லேசர் சிகிச்சை கைவைப்பதும் அங்கேதான்.

சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன், 1981இல் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வகத்தில், எக்ஸைமர் லேசர் உயிர்த்திசுவைச் சுடாமல் சீவுவதைச் சகாக்களுடன் கண்டறிந்தார். லேசிக் சிகிச்சை அதிலிருந்து வளர்ந்தது. முதலில் சுமார் 110 மைக்ரான் தடிமனில் ஒரு மடலைத் திறப்பார்கள். அடியில் ஒரு பவருக்கு 12 முதல் 15 மைக்ரான் வரை சீவுவார்கள். மடல் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆனால் பழையபடி பாரம் தாங்காது. 540 மைக்ரான் கருவிழியில் ஆறு பவரைக் குறைத்தால், சுமை தாங்க மிஞ்சுவது சுமார் 345 மைக்ரான்தான். 250க்குக் கீழே போகக்கூடாது என்பது நெடுநாள் விதி. 300 வேண்டும் என்பவர்களும் உண்டு. மிச்சம் போதாவிட்டால் கருவிழி கொஞ்சம் கொஞ்சமாகப் புடைத்துக் கூம்பாகும். லேசிக்குக்குப் பின் இப்படி நேர்வதை ஜெர்மானிய மருத்துவர் தியோ சைலர் 1998இல் பதிவு செய்தார்.

தடிமன் மட்டும் பார்த்தால் போதாது. ஒரே தடிமனுள்ள இரண்டு துணிகளில் ஒன்று நெருக்கமாக நெய்ததாகவும் மற்றொன்று நைந்ததாகவும் இருக்கலாம். கெரட்டோகோனஸ் என்ற நோயில், சிகிச்சை எதுவும் செய்யாமலே கருவிழி நைந்து கூம்பாகிறது. அதன் தொடக்கநிலையில் இருப்பவருக்கு லேசிக் செய்வது பெரும் ஆபத்து. அதனால்தான் பலத்தையே அளக்கும் கருவிகள் வந்தன. கோர்விஸ் என்ற கருவி கண்ணின்மேல் காற்றை ஒருமுறை ஊதும். கருவிழி குழிந்து மீள்வதை நொடிக்கு 4,300க்கும் மேற்பட்ட படங்கள் என்ற வேகத்தில் பிடிக்கும். எளிதில் குழிந்தால் பலவீனம்.

பலவீனமான கருவிழியை இறுக்கவும் வழியுண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டனில் சைலரும் சகாக்களும் உருவாக்கிய முறையில், ரைபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமின் சொட்டுகளை விட்டு, புற ஊதா ஒளியைப் பாய்ச்சுவார்கள். கொலாஜன் இழைகளுக்கிடையே புதிய பிணைப்புகள் உண்டாகும். கூம்பு முழுதும் சரியாகிவிடாது; மேலும் புடைப்பது பெரும்பாலும் நிற்கும்.

கெரட்டோகோனஸ் உள்ளவர்கள் கண்ணைக் கசக்கவே கூடாது; ஒவ்வொரு கசக்கலும் அந்த நைந்த சுவரின்மேல் விழும் அழுத்தம். லேசிக் செய்துகொண்டவர்கள் எத்தனை ஆண்டு கழித்துக் கண் அழுத்தம் பார்க்கப் போனாலும் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மெலிந்த கருவிழி எளிதில் அமுங்கும். கருவி உண்மையைவிடக் குறைந்த அழுத்தத்தைக் காட்டும். பார்வை நரம்பை அரிக்கும் கிளாக்கோமா கண்ணில் படாமலே போய்விடலாம்.