ஒன்றரையாம் புத்தகத்தைத் தாண்டிப் போகலாமா?

‘ஹங்கர் கேம்ஸ்’ வரிசையின் ‘சன்ரைஸ் ஆன் த ரீப்பிங்’ திரைப்படம் 2026 நவம்பர் 20 அன்று வெளியாகும் என்று லயன்ஸ்கேட் நிறுவனம் அறிவித்திருக்கிறது. படம் வருவதற்குள் எந்தெந்தக் குட்டிப் புத்தகங்களைப் படித்து முடிக்க வேண்டும் என்று கேட்டு வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வருகின்றன. முதலில் அதற்கான பதில்: எதையும் படிக்க வேண்டாம். இந்த வரிசையில் துணைக் குறுநாவல் என்று ஒன்று கிடையாது. ஸ்னோவின் இளமையைச் சொல்லும் 2020ஆம் ஆண்டு நூலும், இந்தப் படத்துக்கு மூலமான, ஹேமிட்சின் கதையைச் சொல்லும் 2025ஆம் ஆண்டு நூலும் முழு நாவல்கள். படத்துக்கு முன் படிக்க வேண்டுமென்றால் இரண்டாவதைப் படியுங்கள், போதும்.

கடிதங்களை அடுக்கி வைத்துப் படித்தபோது உண்மையான குழப்பம் வேறு இடத்தில் இருப்பது தெரிந்தது. மகளுக்கு ‘ஷேட்டர் மீ’ தொடரின் ஆறு நாவல்களையும் வாங்கிக் கொடுத்த ஒரு தாய், அவள் இப்போது ‘டெஸ்ட்ராய் மீ’ வேண்டும் என்கிறாள், கடைக்காரர் அப்படி ஒரு புத்தகம் இல்லை என்கிறார், அது அவசியம்தானா என்று கேட்டிருக்கிறார். 1.5, 2.5 என்று புத்தகத்துக்குப் பின்னம் போடுவது எதற்கு என்பது ஒரு மாணவரின் கேள்வி. இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது.

(கதையின் திருப்பங்களைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. ‘ஷேட்டர் மீ’, ‘டெலிரியம்’ இரண்டையும் இனிமேல்தான் படிக்கப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு படிக்கலாம்.)

துணைக் குறுநாவல் என்பது எது?

பதிப்பகங்களின் விளக்கம் இப்படிப் போகும்: இரண்டு நாவல்களுக்கு நடுவில் வரும் சிறு நூல். கதாநாயகிக்குப் பக்கத்தில் நிற்கும் ஒருவர் தன் வாயால் சொல்லும் கதை. ரசிகர்களுக்குக் கூடுதல் விருந்து. படிக்காவிட்டாலும் மூலக்கதை புரியும்.

இதில் முதல் இரண்டும் சரி. கடைசி இரண்டை அப்படியே ஏற்பதற்கில்லை. குறுநாவல் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹியூகோ, நெபுலா விருதுகளின் கணக்கில் 17,500 சொல்லில் தொடங்கி 40,000 சொல்லுக்குள் முடிந்தால்தான் குறுநாவல். வெரோனிகா ராத் 2012இல் வெளியிட்ட ‘ஃப்ரீ ஃபோர்’, ‘டைவர்ஜென்ட்’ நாவலில் வரும் கத்தி எறியும் காட்சி ஒன்றை மட்டும் நாயகனின் வாயால் திருப்பிச் சொல்கிறது; சில பக்கங்களில் முடிந்துவிடும். மரிஸ்ஸா மேயரின் ‘ஃபேரஸ்ட்’ (2015) 200 பக்கங்களைத் தாண்டும். இரண்டுக்கும் வாசகர்கள் போடுவது பின்ன எண்தான். அந்த எண்ணை வைத்து நூல் எந்த இடத்தில் வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். கதையில் அதற்கு எவ்வளவு பங்கு என்று தெரிந்துகொள்ள முடியாது.

இந்தக் கதைகளை நாவலுக்குள்ளேயே சொல்லியிருக்கலாமே?

பல தொடர்களில் அது முடியாது. 2008இல் ‘ஹங்கர் கேம்ஸ்’ நாவலில் சுசான் காலின்ஸ் நாயகி காட்னிஸை ‘நான்’ என்று நிகழ்காலத்தில் பேசவிட்டார். அதன் பிறகு வந்த ‘டைவர்ஜென்ட்’, ‘டெலிரியம்’, ‘ஷேட்டர் மீ’ மூன்றும் அதே வழியில் போயின. அரசு எல்லாவற்றையும் மறைக்கிற ஓர் உலகத்தில் நமக்கு இருப்பது ஒரு பெண்ணின் கண்ணும் காதும் மட்டும்தான். அவளை அறையில் அடைத்தால் நாமும் அடைபடுகிறோம். வாசகரின் நெஞ்சைப் படபடக்க வைக்க இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. ஆனால் அவள் ஒருவனைத் தவறாகப் புரிந்துகொண்டால் நாமும் தவறாகத்தான் புரிந்துகொள்வோம். அவன் மனத்தில் என்ன ஓடுகிறது என்று பார்க்க நாவலுக்குள் இடமே இல்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் வெளியே வந்து இன்னொரு நூல் எழுதியாக வேண்டும்.

வணிகக் காரணமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. டஹேரே மாஃபியின் ‘ஷேட்டர் மீ’ 2011 நவம்பரில் வந்தது. 2012 அக்டோபரில் ‘டெஸ்ட்ராய் மீ’, மின்னூலாக மட்டும். நான்கு மாதம் கழித்து, 2013 பிப்ரவரியில் இரண்டாம் நாவல் ‘அன்ராவல் மீ’. அந்த டிசம்பரில் ‘ஃப்ராக்சர் மீ’. அடுத்த பிப்ரவரியில் மூன்றாம் நாவல் ‘இக்னைட் மீ’. நாவல் வரப் போகிறது என்று வாசகருக்கு நினைவூட்டுவதற்காகவே குறித்த தேதிகள் இவை. வெறும் நினைவூட்டலாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையே இருந்திருக்காது.

‘டெஸ்ட்ராய் மீ’ உண்மையில் என்ன செய்கிறது?

தொட்டாலே எதிரில் இருப்பவரைச் சாகடித்துவிடும் பெண் ஜூலியட். 264 நாள் தனிமைச் சிறையில் கிடந்தவளை வெளியே கொண்டுவருகிறான் வார்னர். 19 வயதில் 45ஆம் பிரிவின் தளபதி; அவளை ஆயுதமாக்கப் பார்க்கிறான். நடை பழகும் வயதுக் குழந்தை ஒன்று இருக்கும் அறைக்குள் அவளைத் தள்ளி, அவள் அந்தக் குழந்தையைத் தொட்டே ஆக வேண்டிய நிலையை உண்டாக்குகிறான். கடைசியில் அவள் அவனைச் சுட்டுவிட்டுக் காதலன் ஆடமோடு தப்பிக்கிறாள். முதல் நாவலை மூடும்போது வார்னர் யார் என்பதில் வாசகருக்குச் சந்தேகமே இருக்காது. அவன் வில்லன்.

‘டெஸ்ட்ராய் மீ’ குண்டடி பட்ட வார்னரின் குரலில் தொடங்குகிறது. அவனுடைய தந்தை, ஆட்சியின் உச்சியில் இருப்பவர், மகனின் தோல்வியை விசாரிக்க வருகிறார். அவர் எப்படிப்பட்டவர் என்பது அந்தச் சில பக்கங்களிலேயே விளங்கிவிடுகிறது. ஜூலியட் சிறையில் உடைந்த பேனாவால் எழுதி வைத்திருந்த சின்ன நோட்டு அப்போது வார்னரின் கைக்குக் கிடைக்கிறது. பக்கம் பக்கமாகப் படிக்கிறான். தன் மனத்தில் கிடந்ததையே இன்னொருத்தி எழுதி வைத்திருக்கிறாள் என்று கண்டு அதிர்ந்து போகிறான்.

மாஃபியின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் இருக்கிறது. ‘நான் நல்லவன்’ என்று வார்னர் ஓரிடத்தில் வாதாடியிருந்தாலும் நாம் நம்பியிருக்க மாட்டோம். அவன் வாதாடவில்லை, படிக்கிறான். ஒரு முழு நாவல் நீளத்துக்கு நாம் செய்துகொண்டிருந்ததும் அதேதான்: ஜூலியட்டின் குரலைக் கேட்டோம், அவளுக்காக வருந்தினோம். இப்போது அவனும் நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதே குரலைக் கேட்கிறான். அவளை நம்மைப் போலவே புரிந்துகொண்ட ஒருவனை வெறுப்பது கடினம். பக்கங்கள் தீர்வதற்குள் வில்லன் கதாநாயகனாகிற வழியில் பாதி தூரம் வந்துவிடுகிறான். ஜூலியட்டுக்கு இது எதுவும் தெரியாது.

என்னை உறுத்துவதும் அந்த நோட்டுதான். கைதி யாரும் பார்க்கக் கூடாது என்று எழுதி வைத்ததை, அவளைப் பூட்டி வைத்திருந்தவன் அவளைக் கேட்காமல் எடுத்துப் படிக்கிறான். அதைக் காதலின் தொடக்கம் என்று குறுநாவல் நம்மை ஏற்க வைக்கிறது. நாமும் கூடவே படித்துக்கொண்டிருப்பதால், ‘உனக்கு யார் அனுமதி கொடுத்தது?’ என்று அவனைக் கேட்க நமக்கு வாய் வருவதில்லை. குழந்தையோடு அவள் அடைபட்ட அறையும் அதற்குள் மனத்தில் பின்னால் போய்விடுகிறது. இந்த நூல்களைப் படிப்பவர்களில் பலருக்கு வயது பதினான்கு, பதினைந்து. படிக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். படித்து முடித்த பிள்ளையிடம் அந்த நோட்டைப் பற்றிப் பேச்செடுங்கள் என்று மட்டும் பெற்றோரைக் கேட்டுக்கொள்வேன். அவர்களில் பலர் நம்மைவிடக் கூர்மையாகப் பதில் சொல்வார்கள்.

இரண்டாவது குறுநாவலான ‘ஃப்ராக்சர் மீ’ இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. அதில் பேசுகிறவன் ஆடம். ‘அன்ராவல் மீ’யின் கடைசிக் கட்டப் போர், அவன் பக்கத்திலிருந்து. ஜூலியட் இறந்துவிட்டாள் என்று நம்புகிறான். அவன் கவலையெல்லாம் தம்பி ஜேம்ஸைக் காப்பாற்றுவதில் இருக்கிறது. அண்ணனாக அது நியாயம், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவளுக்கு ஏற்றவன் இவன்தான் என்று முதல் நாவலிலிருந்து நம்பி வந்த வாசகரின் மனம் இங்கே அவனைவிட்டுக் கொஞ்சம் விலகுகிறது. வார்னர் ஒரு சிறு நூலில் ஏறுகிறான், ஆடம் இன்னொரு சிறு நூலில் இறங்குகிறான். அதன் பிறகுதான் மூன்றாம் நாவலில் ஜூலியட் வார்னரைத் தேர்ந்தெடுக்கிறாள்.

இவற்றைப் படிக்காதவருக்கு அந்தத் தேர்வு எப்படித் தெரியும்? ‘அன்ராவல் மீ’யில் புரட்சிக்காரர்களிடம் சிறைப்பட்ட வார்னர் கனிவாகப் பேசும்போது, அவன் நடிக்கிறான் என்று அவர் நினைப்பார். குறுநாவலைப் படித்தவருக்கு அது நடிப்பில்லை என்று தெரியும். ‘இக்னைட் மீ’யில் வார்னர் தன் பக்கத்தை வாய்விட்டுச் சொல்கிறான், குழந்தை இருந்த அறையைப் பற்றியும் விளக்கம் தருகிறான். ஆனால் குற்றம் சுமந்தவன் தானே சொல்லும் விளக்கம் அது. அவன் தனியாக இருந்தபோது எப்படி இருந்தான் என்பதை மூன்று நாவல்களில் எங்கும் பார்க்க முடியாது.

பள்ளியில் துணைப்பாடம் என்று பெயர் வைத்துவிட்டுத் தேர்வில் அதிலிருந்து நெடுவினா கேட்பார்களே, அந்தக் கதைதான் இது. ஆசிரியரே இதை ஒருவகையில் ஒப்புக்கொண்டுவிட்டார் என்பேன். 2018இல் தொடர் மீண்டும் தொடங்கியபோது, ‘ரெஸ்டோர் மீ’ நாவலில் ஜூலியட்டும் வார்னரும் மாறி மாறிப் பேசுகிறார்கள். 2019இல் வந்த ‘டிஃபை மீ’யில் ஜூலியட்டின் நண்பன் கென்ஜியும் சேர்கிறான், அதற்கு ஒரு மாதம் முன்புதான் ‘ஷேடோ மீ’ என்ற குறுநாவலில் அவன் பேசத் தொடங்கியிருந்தான். விருப்பமிருந்தால் கேட்கலாம் என்று வெளியே நிறுத்தியிருந்த குரல்கள் நடுக்கூடத்துக்கு வந்துவிட்டன.

அந்தத் தாய்க்கு: அவசியம்தான். ‘டெஸ்ட்ராய் மீ’ என்ற பெயரில் தேடாதீர்கள். அச்சில் அதுவும் ‘ஃப்ராக்சர் மீ’யும் சேர்ந்து ‘யுனைட் மீ’ என்ற தொகுப்பாக 2014இல் வந்தன. கென்ஜி பேசும் இரண்டு குறுநாவல்களும் ‘ஃபைண்ட் மீ’ தொகுப்பில் இருக்கின்றன. 2021இல் வந்த ‘பிலீவ் மீ’ தனி நூல். ஆக, ஐந்து குறுநாவல்கள், மூன்று புத்தகங்கள்.

எல்லாத் தொடரிலும் இப்படித்தானா?

இல்லை. லாரன் ஆலிவரின் ‘டெலிரியம்’ நேர்மையாக நடந்துகொள்கிறது. காதலை நோய் என்று அறிவித்து, 18 வயதில் மூளையில் சிகிச்சை செய்யும் நாடு. லீனாவும் அலெக்ஸும் ஓடிப்போவது அதிகாரிகளுக்கு எப்படித் தெரிந்தது என்று முதல் நாவலில் லீனாவுக்கு விளங்காது. 2012இல் வந்த ‘ஹானா’ என்ற குறுநாவலில் அவளுடைய உயிர்த்தோழி பேசுகிறாள். திருட்டுத்தனமாக இசை விருந்துகளுக்குப் போனவள், சட்டத்தை மீறும் துணிச்சல் தனக்குத்தான் என்று நினைத்திருந்தவள். பயந்தாங்கொள்ளி என்று நினைத்த லீனா காதலில் அவளைத் தாண்டிப் போய்விடுகிறாள். காட்டிக்கொடுத்தது தான்தான் என்பதைக் கடைசியில் ஹானா சொல்கிறாள். பொறாமை எப்படித் துளித்துளியாகச் சேர்ந்து துரோகமாகிறது என்பதை இந்த வகை நூல்களில் இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு வலியோடு சொன்னது வேறொன்று எனக்குத் தெரியாது.

ஆலிவர் அந்த உண்மையைக் குறுநாவலோடு பூட்டி வைக்கவில்லை. 2013இல் வந்த ‘ரெக்வியம்’ நாவலில் ஹானா பாதி அத்தியாயங்களைச் சொல்கிறாள், லீனாவிடம் நேரிலேயே ஒப்புக்கொள்கிறாள். குறுநாவலைத் தவறவிட்டவர் எதையும் இழப்பதில்லை. படித்தவருக்கு ஹானாவின் மௌனம் ஒவ்வொரு பக்கத்திலும் கனக்கும். ஆழம் கூட்டுகிற துணை நூல் என்றால் எனக்கு இதுதான்.

‘டைவர்ஜென்ட்’ தொடரில் ‘ஃபோர்’ தொகுப்பு?

ராத் அந்தத் தொடரை முதலில் நாயகன் ஃபோரின் குரலில்தான் எழுதத் தொடங்கினார் என்பதால் படிக்கச் சுவையானது. மூன்று நாவல்களும் முடிந்த பிறகு படியுங்கள்.

‘ரெட் குயின்’ தொடரில் வரும் இரண்டு?

இளவரசன் கேலின் தாயைப் பற்றிய ‘குயின் சாங்’ கட்டாயம். ‘ஸ்டீல் ஸ்கார்ஸ்’ நேரமிருந்தால்.

‘மேஸ் ரன்னர்’ நியூட்டின் கதை?

2020இல் வந்த ‘கிராங்க் பேலஸ்’. ‘த டெத் கியூர்’ முடிக்காமல் தொடாதீர்கள்.

எந்த வரிசையில் படிப்பது?

வெளிவந்த வரிசையில். கதை நடக்கும் கால வரிசையில் அல்ல.

மின்னூல்தான் கிடைக்கிறது என்றால்?

அதையே படியுங்கள், உள்ளடக்கம் ஒன்றுதான்.