ஓர் அங்குலச் சிப்பாய்க்கு வண்ணம் பூசுவது

திண்டிவனத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்தவாசி. 1760 ஜனவரி 22 அன்று அயர் கூட்டின் ஆங்கிலேயப் படையும் லாலியின் பிரெஞ்சுப் படையும் அங்கே மோதின. அடுத்த ஆண்டே புதுச்சேரியும் செஞ்சியும் பிரெஞ்சுக்காரர் கையை விட்டுப் போயின. அந்தச் சண்டையை மேசை மேல் மறுபடியும் நடத்திப் பார்க்கிறவர்கள் உலகில் உண்டு. பகடை உருட்டி, அளவுநாடா பிடித்து, சின்னச் சின்னச் சிப்பாய்களை நகர்த்தி ஆடும் ஆட்டம் அது. எச்.ஜி. வெல்ஸ் 1913-லேயே இதற்கு விதிகள் எழுதிப் புத்தகம் போட்டார். 1983-ல் இங்கிலாந்தில் வந்த வார்ஹேமர் ஆட்டம் அதைப் பெரிய வியாபாரமாக்கியது. ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியவர்கள் பலரும் ஆடுவதை விட அதிக நேரம் செலவழிப்பது சிப்பாய்களுக்கு வண்ணம் பூசுவதில்தான்.

பரவலான அளவு 28 மில்லிமீட்டர். பெரும்பாலும் பாதத்திலிருந்து கண் வரை அளப்பார்கள். பிளாஸ்டிக், ரெசின், வெள்ளை உலோகம் ஆகியவற்றில் வரும். பொம்மைக் கடையில் பையில் போட்டு விற்கிற பச்சைச் சிப்பாய்களில் பழகலாமே என்று தோன்றும். பழகலாம், ஆனால் அந்த பிளாஸ்டிக் வளையக்கூடியது, துப்பாக்கி முனை வளைந்தால் அங்கே வண்ணம் உரிந்துவிடும். எந்தப் பொம்மையானாலும் முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அச்சிலிருந்து வந்த வழுவழுப்பு போகாவிட்டால் எந்த வண்ணமும் பிடிக்காது.

அடுத்தது பிரைமர் என்ற அடிப்பூச்சு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்பிரே அடித்தால் காற்றின் ஈரத்தால் வெண்மை பூத்துவிடும். கத்தரி வெயிலில் அடித்தால் துளிகள் வழியிலேயே காய்ந்து மணல் மணலாக ஒட்டும். நம் பக்கத்தில் பிரஷ்ஷால் மெல்லிசாகப் பூசிவிடுவதே உத்தமம்.

பிறகு அங்கி. ஆங்கிலேயருக்குச் சிவப்பு, பிரெஞ்சுக் காலாட்படைக்கு வெள்ளை என்று கணக்குப் போட்டால் லாலியின் சொந்த ரெஜிமெண்ட் குழப்பும். அது அயர்லாந்துக்காரர்களைக் கொண்டு திரட்டிய ரெஜிமெண்ட். பிரெஞ்சு மன்னனுக்காகச் சண்டையிட்டாலும் சீருடை சிவப்புதான்.

சரியான சிவப்பைத் தேடிப் பிடித்து அழகாகப் பூசியும் சிப்பாய் வெறும் பிளாஸ்டிக்காகவே தெரிவான். காரணம் கண்ணில் இருக்கிறது. ஒரு மீட்டர் தூரத்தில் நம் கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவு சுமார் 0.3 மில்லிமீட்டர். அங்கியின் மடிப்பு, பொத்தான் எல்லாம் அந்த எல்லையை ஒட்டித்தான் இருக்கின்றன. போதாததற்கு டியூப்லைட் வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவி, இருக்கிற நிழலையும் அழித்துவிடும். ஆகவே நிழலையும் வெளிச்சத்தையும் வண்ணமாகவே பூச வேண்டும், அதுவும் கொஞ்சம் மிகையாக.

நிழலுக்கு 'வாஷ்' என்ற தண்ணீர் வண்ணம். மேலே பூசினால் தானே வழிந்து பள்ளங்களில் தேங்கிக்கொள்ளும். சமமான இடத்தில் தேங்கினால் மட்டும் வம்பு: காய்ந்ததும் ஓரத்தில் கருவளையம் விழும், சிந்திய காபி விடும் வட்டம் போல. துளியின் ஓரம் சீக்கிரம் உலர்கிறது. அதை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடும்போது நிறத் துகள்களையும் இழுத்துப் போகிறது. சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 1997-ல் 'நேச்சர்' இதழில் இதை விளக்கினார்கள். பரிகாரம் எளிது, ஈரப் பிரஷ்ஷால் தேங்கியதை உறிஞ்சிவிட வேண்டும். வெளிச்சத்துக்கு 'டிரை பிரஷ்': வெளிர் வண்ணத்தைத் தொட்டு, துணியில் பெரும்பாலும் துடைத்துவிட்டு, மேடுகளை மட்டும் லேசாகத் தடவுவது.

அக்ரிலிக் வண்ணம் மின்விசிறிக் காற்றில் நிமிடங்களில் காய்ந்துவிடும். அதைத் தவிர்க்க ஒரு தட்டில் நனைத்த டிஷ்யூ காகிதத்தை மடித்து வைத்து, மேலே பேக்கிங் பேப்பர் விரித்து, அதில் வண்ணத்தைக் குழைத்தால் ஈரம் கீழிருந்து ஊறிக்கொண்டே இருக்கும். பிரஷ் வாங்கும்போது கீரி முடியில் செய்தது என்று யாராவது புகழ்ந்து நீட்டினால் வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். செயற்கை முடி பிரஷ்ஷே போதும், நுனி மட்டும் கூராக நிற்க வேண்டும்.

இந்தக் கலைக்கு உறவுமுறையான தொழில் நம் ஊரிலேயே இருக்கிறது. விழுப்புரத்தை அடுத்த அய்யங்கோவில்பட்டில் காகிதக்கூழ் பிள்ளையார்களும், பண்ருட்டியில் மண் கொலு பொம்மைகளும் செய்கிறார்கள். அங்கேயும் முதலில் வெள்ளைப் பூச்சு, பிறகு உடல் நிறம், உடை, நகை என்று போகும். ஆனால் கொலுப் படியைக் கூடத்துக்கு வந்தவர்கள் சில அடி தள்ளி நின்று பார்க்கிறார்கள். அதனால் அடிக்கிற பச்சையும் சிவப்பும் பொன்னிறமும் போட்டு, கறுப்புக் கோட்டால் புருவம் எழுதுவதே அங்கே எடுபடும். நிழல் தீட்டினால் அழுக்கு என்பார்கள். மேசைச் சிப்பாயைக் கையில் எடுத்துப் பார்ப்பதால் அதில் நிழல் இல்லாவிட்டால் மொண்ணையாகத் தெரியும்.

கண் விஷயத்தில் இரண்டும் நேரெதிர். பொம்மைக்குக் கண் திறப்பது கடைசி வேலை. தேர்ந்த கை ஒரே இழுப்பில் முடித்துவிடும். சிப்பாயின் கண்ணோ அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. அதனால் பலர் கண்ணை முதலிலேயே வைத்துவிடுகிறார்கள். வெள்ளை வழிந்தாலும் கறுப்பு பிசகினாலும், பிறகு பூசும் தோல் நிறம் அதைச் சீர்செய்துவிடும். கண்ணே வைக்காமல் குழியில் பழுப்பு வாஷ் மட்டும் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. கைநீளத் தூரத்தில் அதுதான் இயல்பாக இருக்கிறது என்பேன். பிதுங்கிய வெள்ளைக் கண்ணை விட எவ்வளவோ மேல்.

கடைசியாக வார்னிஷ். கொலு முடிந்தால் பொம்மை காகிதம் சுற்றிப் பெட்டிக்குள் போய்விடும். ஆட்டச் சிப்பாயை விரல்கள் எடுத்து எடுத்து வைக்கும். பளபளப்பு வார்னிஷ் தேய்மானத்தைத் தாங்கும். ஆனால் அதன் மினுமினுப்பு, நாம் தீட்டிய வெளிச்சத்தின் மேல் பொய் வெளிச்சம் அடித்துக் கெடுத்துவிடும். ஆகவே முதலில் பளபளப்பு, அது நன்றாகக் காய்ந்தபின் மேலே பளபளப்பில்லாத மேட் வார்னிஷ்.